ஏழாம் பக்கத்துப் பிழை

'ஊசித்தட்டான்' ஆடி இதழ்.
முப்பத்திரண்டு பக்கம், பதினைந்து ரூபாய்.
ஏழாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்:
தூக்கணாங்குருவி
பனையின் கிழக்குப் பக்கமே கூடு கட்டும்,
மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு
மரத்தின் முதுகைக் காட்டிவிடும்.

'பெரும்பாலும்' என்று ஒரு சொல் இருந்தது.
படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்று
பொள்ளாச்சி அச்சகத்தில் நின்றபடியே
நான்தான் அடித்தேன்.

பத்தாம் நாள் வேலந்தாவளத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை.
கட்டம்போட்ட கணக்கு நோட்டுக்குப் பழகிய
நெருக்கி நிற்கும் எழுத்து.

'நீங்கள் போட்டது தப்பு.
பழைய செக்போஸ்ட் பனையில் கூடு பதினொன்று.
மேற்கில் எட்டு.
கிழக்கில் மூன்று, அதில் ஒன்று பாதிதான்.
மூன்று நாள் எண்ணிவிட்டேன்.
ஆ. டெல்சி மரியா, ஆறு பி, தமிழ் மீடியம்.'

அன்புள்ள இல்லை. வணக்கம் இல்லை.

திசையில் குழம்பியிருப்பாள் என்றுதான்
முதலில் நினைத்தேன்.
நினைத்ததையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

ஞாயிறு காலை மொபெட்டில் கிளம்பினேன்.
கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் ஆடிக்காற்று
அம்மியை விட்டுவிட்டு
என் முதுகில் கைவைத்துத் தள்ளியது.
கணவாய்க்கு இந்த மாதம் வாய் மூடாது.

அவள் திசைகாட்டியோடு நின்றிருந்தாள்.
சித்திரை இதழோடு நாங்கள் இலவசமாய்க் கொடுத்தது;
ஊசி சிக்கும், தட்டிவிட வேண்டும்.
தட்டினாள்.
மேற்கு மேற்காகவே இருந்தது.

அண்ணாந்து எண்ணினேன். எட்டு.
பூட்டிக்கிடக்கும் சாவடியின் தகரக் கொட்டகை
மரத்துக்கு மேற்கே உயரமாய் நின்றது.
லாரிகள் நிற்காத எடைமேடையில்
நெருஞ்சி பூத்திருந்தது.
'கொட்டகை காத்தை மறைக்குது, அதான்' என்றேன்,
விடை கிடைத்துவிட்ட பத்திரிகைக்காரக் குரலில்.

'அதையும் பாத்தாச்சுங்க' என்றாள்.
கைநீட்டிய பக்கம் பார்த்தேன்:
கூடு இல்லாத பக்கத்துப் பனையில்,
கள்ளிறக்க ஏறியவரிடம் கொடுத்துக் கட்டச்சொன்ன
பால் பாக்கெட் நாடாக்கள்.
கொட்டகை உயரத்தில் கட்டியது
தூங்கிக்கொண்டிருந்தது.
உச்சியில், கூடுகள் தொங்கும் உயரத்தில் கட்டியது
கிழக்கு நோக்கி விறைத்துத் துடித்தது.

மறைப்பு இல்லை.
என் காரணம் அங்கேயே கீழே விழுந்தது.

'பின்னே ஏன்?' என்றேன்.
'அதுக்குத்தான் உங்களுக்கு எழுதினேன்.'

கூடவந்த ஃபைரூஸ் எல்லைக்கல்லின்மேல் உட்கார்ந்து
காலை ஆட்டினான்:
'கெழக்கால தமிழ்நாடு. அங்க வாடக ஜாஸ்தி.'
சிரித்தோம். டெல்சி சிரிக்கவில்லை.
நோட்டில் அதையும் குறித்து
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

ஒரு பெட்டைக்குருவி வந்து
பாதிக்கூட்டுக்குள் தலைவிட்டுப் பார்த்தது.
பிடிக்கவில்லை, பறந்தது.
மஞ்சள் தலைக்காரன் சிறகடித்துக்கொண்டே
தலைகீழாய்த் தொங்கினான்.
அவனிடமும் காரணம் கேட்கமுடியாது.

திரும்பும்போது காற்று முகத்தில்.
இரண்டாம் கியருக்கே மூச்சுவாங்கியது வண்டி.
வழி முழுக்கப் பனைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்,
இத்தனை வருஷம் எண்ணாதவன்.

ஆவணி இதழ், ஏழாம் பக்கம்:
'திருத்தம். பெரும்பாலும் கிழக்கில்.
வேலந்தாவளத்தில் ஒரு பனையில்
மேற்கில் எட்டு, கிழக்கில் மூன்று.
கண்டவர் ஆ. டெல்சி மரியா.
காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.
உங்கள் ஊர்ப் பனையை எண்ணி எழுதுங்கள்.'

அச்சகத்திலிருந்து போன்:
'கீழ பாதிப்பக்கம் காலியா நிக்குதுங்க,
வெளம்பரம் ஏதாச்சும் போட்டுரட்டுமா?'
'கோடு மட்டும் போடுங்க. எழுதட்டும்.'

மீனாட்சிபுரத்திலிருந்து நான்கு கடிதம்.
கோபாலபுரத்திலிருந்து ஒரு பையன்
பனை இல்லை, கிணற்றுக்குமேல் ஈச்சமரம், பரவாயில்லையா என்றான்.
வாளையாறிலிருந்து வந்ததில் மின்மினிக் கதை;
கூட்டுக்குள் விளக்கைத் தான் பார்த்ததில்லை என்றும்
அதே கையெழுத்தில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில்
நெருக்கி நிற்கும் எழுத்தில் ஓர் அஞ்சலட்டை:

'நேற்றைய காற்றில் மேற்கில் ஒன்று விழுந்துவிட்டது.
உள்ளே முட்டை இல்லை, களிமண் உருண்டைகள் இருந்தன.
இப்போது ஏழு.
அடுத்த இதழில் திருத்தவும்.'